பெயர் இழந்த சன்னங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவருடைய அயலவர் வயது முதிர்ந்த அமெரிக்கர். றிவோல்வருக்கான ரவைகளைத் தமது கையாலேயே தயாரித்து, இலக்குச் சுடும் மைதானத்தில் பயன்படுத்துவது அவருடைய நெடுநாள் பொழுதுபோக்கு. அந்நாட்டில் அது சட்டத்துக்கு உட்பட்டது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதைக்கும் மண்ணிலிருந்து சென்றவன் நான். ஆயினும் அவருடைய மேசையருகே இரண்டு பிற்பகல்களைக் கழித்தேன். அங்கு கண்டதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் குடும்பத்தார் அவரிடம் ஒரு பழைய தகரப் பேணியைக் கொடுத்திருந்தனர். அதனுள் சில நூறு ஈயச் சன்னங்கள் இருந்தன. எந்தத் துப்பாக்கிக்கு உரியவை, யார் வார்த்தவை, எப்போது வார்த்தவை என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

ரவை வேறு, சன்னம் வேறு. பித்தளைக் கோது, எரியூட்டி, வெடிமருந்து, சன்னம் யாவும் சேர்ந்ததே ரவை. கோதின் அடியில் பெரும்பாலும் தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும். குழலிலிருந்து பாயும் சன்னத்திலோ பொதுவாக எதுவும் பொறிக்கப்படுவதில்லை. அதன் அடையாளம் பெட்டியில் ஒட்டிய தாளில் மட்டுமே இருக்கிறது. தாள் தொலைந்தால் அடையாளமும் தொலைந்துவிடும்.

முதலில் அவர் நுண்ணளவியால் விட்டத்தை அளந்தார். இங்கே பெயர்களே நம்மை ஏமாற்றுகின்றன. ‘.38 ஸ்பெஷல்’ ரவையின் சன்னம் 0.38 அங்குலம் அன்று, ஏறத்தாழ 0.357 அல்லது 0.358 அங்குலம். பழைய ரவைகளில் சன்னமும் கோதும் வெளிப்புறத்தில் ஒரே பருமனாக இருந்தன. பின்னர் சன்னம் கோதுக்குள் அடங்கும்படி சிறுத்தது; பெயர் மட்டும் மாறவில்லை. அதே ‘.38’ என்ற பெயர் தாங்கிய ஸ்மித் அன்ட் வெசன் குறுரவைக்கு வேண்டியது ஏறத்தாழ 0.361 அங்குலச் சன்னம். 9 மில்லிமீற்றர் ரவைக்கோ 0.355. ‘.44 மக்னம்’ உண்மையில் 0.429. 0.357க்கும் 0.361க்கும் இடையிலுள்ள வேறுபாடு சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிப்பளவே. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது.

அடுத்தது நிறை. சன்னங்களைக் ‘கிரெயின்’ என்ற அளவால் நிறுப்பர். ஓர் இறாத்தலுக்கு 7,000 கிரெயின். .38 ஸ்பெஷலுக்குப் பரவலாகப் பயன்படும் 158 கிரெயின் சன்னம் பத்துக் கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பின்னர் வடிவம். மூக்கின் அமைப்பு, மசகுக்கான வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை, அடிப்பாகம் தட்டையா குழிவா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, வார்ப்பச்சுப் பட்டியல்களின் படங்களோடு ஒப்பிட்டார். லைமன் நிறுவனத்தின் அச்சுகளில் எண் உண்டு. எல்மர் கீத் வடிவமைத்த சன்னத்தின் அச்சு எண் 358429. முதல் மூன்று இலக்கங்கள் விட்டத்தைக் குறிப்பன. எண் அச்சிலே தங்கிவிடுகிறது. அச்சிலிருந்து பிறக்கும் சன்னத்துக்கு அது வருவதில்லை.

அச்சைக் கண்டுபிடித்தாலும் முடிவு கிடைப்பதில்லை. ஒரே அச்சில் தூய ஈயத்தை வார்த்தால் ஒரு நிறை. வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த கடின உலோகத்தை வார்த்தால் நிறை குறையும், விட்டம் சற்றுக் கூடும். “கடின உலோகத்துக்கு எங்கே போவீர்கள்?” என்று கேட்டேன். “உங்கள் தொழிலிலிருந்துதான்” என்றார் சிரித்தபடி. பத்திரிகைகளின் லைனோரைப் உலோகம், அதாவது 84 வீதம் ஈயமும் 12 வீதம் அந்திமனியும் 4 வீதம் வெள்ளீயமும் சேர்ந்த கலவை, சன்னம் வார்ப்போரால் விரும்பி வாங்கப்பட்டதாம். அச்சுக்கோப்பாளர்களின் விரல்கள் ஈயத்தால் கறுத்திருந்த காலத்தில் பத்திரிகைக்குள் நுழைந்தவன் நான். செய்தியைத் தாங்கிய உலோகம் சன்னமாகவும் ஆனதை அறிந்தபோது சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

இரண்டு நாள் உழைப்பின் பின் முதியவர் எடுத்த முடிவு எளியது. இவற்றுள் ஒன்றையும் ரவையில் இடுவதில்லை, உருக்கிவிடுவது. “விட்டம் பொருந்துகிறதே, குறைந்த மருந்திட்டுச் சுட்டால் என்ன?” என்று கேட்போர் உண்டு. அவர்களுடன் நான் உடன்படவில்லை. மருந்தின் அளவு சன்னத்தின் நிறை, உலோகம், அது கோதுக்குள் அமரும் ஆழம் ஆகிய அனைத்தையும் பொறுத்தது. ஆழம் கூடினால் உள்ளிடம் சுருங்கி அழுத்தம் ஏறும். மருந்து மிகக் குறைந்தாலோ சன்னம் குழலிலேயே சிக்கக்கூடும். குழிந்த அடியுடைய இலக்குச் சன்னத்தை அளவுக்கு மீறி விரைவுபடுத்தினால் அதன் மெல்லிய விளிம்பு பிய்ந்து குழலுக்குள் தங்கிவிடலாம். அதன்பின் வரும் சன்னம் குழலையே பிளக்கலாம். சில சதம் பெறுமதியான ஈயத்துக்காகக் கையையோ கண்ணையோ பணயம் வைப்பது அறிவுடைமையாகாது.

இதை நான் வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தொழிலின் தொடக்க காலத்தில், சம்பவ இடமொன்றில் கிடந்த சன்னத்தைப் பார்த்த ஒருவரின் ஊகத்தை நம்பித் துப்பாக்கியின் வகையைச் செய்தியில் எழுதினேன். பரிசோதனை அறிக்கை வேறொன்றைக் கூறியது. மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். ஆயினும் முதல் செய்தியை வாசித்த எல்லோரும் திருத்தத்தை வாசித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அளந்து பார்க்காத ஒன்றுக்கு அன்று நான் பெயர் சூட்டினேன். அந்த முதியவர் அளந்து பார்த்தபின்னும் பெயர் சூட்ட மறுத்தார்.

இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ள புலம்பெயர் வாசகர் எவரேனும் இருப்பின், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டிகளில் விட்டம், நிறை, உலோகம், திகதி நான்கையும் இன்றே எழுதி ஒட்டுங்கள். பழைய ஈயத்தில் படியும் வெண்பொடி நஞ்சு; தொட்டபின் கைகளை நன்கு கழுவுங்கள். உங்களுக்குப் பின் அப்பேணியைத் திறக்கப்போவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.