அளவெடுக்கும் முன் கேட்கிறேன்

பொள்ளாச்சியில் இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். டேப்பைக் கையில் எடுத்ததும் "எடுக்கட்டுங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் தோளைத் தொடுவேன். பத்து வருடம் பழகியவர் என்றாலும் அப்படித்தான். தொழில் சொல்லிக்கொடுத்த அக்கா அப்படிப் பழக்கிவிட்டார்.

கடையில் காத்திருக்கும் பெண்கள் செல்போனில் தொடர்கதை படிக்கிறார்கள். ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று அவர்களே பெயர் சொல்கிறார்கள். ஒன்றை வாங்கிப் படித்தேன், பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். ஏதோ பழைய பகைக்காக நாயகன் நாயகியைக் காரில் தூக்கிப்போய்த் தாலி கட்டுகிறான். போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான், அம்மாவோடு பேச விடுவதில்லை. பகலெல்லாம் அழவைத்துவிட்டு அவள் தூங்கும்போது தலையைக் கோதுகிறான். தப்பு தன்மேல்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. முப்பதாவது அத்தியாயத்தில் அவனுடைய சின்ன வயசுக் காயம் ஒன்று தெரியவரும். அவள் அழுதுகொண்டே அவனைக் கட்டிக்கொள்வாள். சுபம்.

இந்தக் கதைகளை நான் வெறுத்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன் வாடகை நூலகத்தில் மாத நாவல் எடுத்து வந்து விடிய விடியப் படித்திருக்கிறேன். கோபக்கார நாயகன்தான் எனக்கும் பிடிக்கும். கல்யாணமான பிறகு, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு நாலு நாள் முகம் கொடுத்துப் பேசாத மனுசரிடம் அந்த முப்பதாவது அத்தியாயத்துக்காக ஏழு வருடம் காத்திருந்தேன். அடிக்கவில்லையே, அப்புறம் என்ன கொடுமை என்றுதான் நினைத்தேன். சொல்லாலும் மனத்தாலும் வதைப்பதும் வன்முறைதான் என்று 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அது எனக்குத் தெரிந்ததே, ஜாக்கெட் தைக்க வந்த வக்கீலம்மா ஒருவர் சொல்லித்தான்.

போன மாதம் கல்யாணமாகி ஆறு மாதமான பெண் ஒருத்தி வந்தாள். அளவு எடுப்பதற்குள் வீட்டுக்காரரிடமிருந்து மூன்று வீடியோ கால். கடையைச் சுற்றிக் காட்டினாள், என் முகத்தைக் காட்டினாள். முதுகுக் கழுத்து எத்தனை அங்குலம் என்பதையும் அவர்தான் சொன்னார். போனை வைத்துவிட்டு, "அவருக்கு எம்மேல அத்தன பாசங்க்கா, பொசசிவ்" என்றாள். முகம் மலர்ந்திருந்தது. அந்த மலர்ச்சிதான் என்னை உலுக்கியது. அவள் சொன்ன வார்த்தை கதையில் வருகிற வார்த்தை.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூரில் முகம் மாறிய காலம் உண்டு. 2019-ல் வெளிவந்த அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கிலும் முதல் நாளே யாரும் மிரட்டவில்லை. நட்பாகப் பழகினார்கள், நம்பவைத்தார்கள், பிறகுதான் கார், வீடியோ, மிரட்டல். புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரியே பத்திரிகையாளர் முன் சொன்னார், அரசாணையிலும் அச்சாகி வந்தது. ஊரோ "அவ ஏன் போனா?" என்று கேட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. ஆறு வருடம் அந்தப் பெண்கள் பின்வாங்காமல் நின்றார்கள். கதை படித்துத்தான் அந்த ஒன்பது பேரும் அதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. "ஏன் போனா?" என்று கேட்ட அதே வாய், காரில் தூக்கிப்போகும் நாயகனை "என்ன ஆம்பளடா" என்று மெச்சுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இருட்டை எழுதக் கூடாது என்பதல்ல. ஜெயகாந்தன் எழுதினார். 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையிலும் மழை, கார், ஏறிக்கொண்ட பெண் எல்லாம் உண்டு. அதிலிருந்து வளர்ந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அதில் வரும் வெங்கு மாமாவை மறக்க முடியாது. படிக்கவைத்தவர், ஊரே மதிக்கும் பெரிய மனிதர், பாசம் என்ற பேரில் தொடுகிறவர். இனி உனக்கு மரியாதையான வாழ்க்கை கிடையாது என்று நாயகி கங்காவின் மனசில் ஊற்றிக்கொண்டே இருக்கிறவர். அந்தக் கை எப்படிப்பட்ட கை என்பதைக் கங்காவின் கண்ணால் நமக்குக் காட்டுகிறார் ஜெயகாந்தன், அதற்கு உரிமை என்று பெயர் வைக்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறவர்களிடம், அதிலும் பெரும்பாலோர் பெண்கள், நான் கேட்பது இதைத்தான்: கையைப் பிடித்து முறுக்கும் இடத்தில் அவளுக்கு வலித்ததை எழுதுங்கள். கதைச் செயலி நடத்துகிறவர்கள் அதைக் ‘காதல்’ பிரிவில் போடாமல் இருந்தால் போதும்.

ஜாக்கெட் வாங்க வந்தபோது அந்தப் பெண்ணிடம் கங்காவின் புத்தகத்தைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைசில இந்தப் புள்ள நல்லா இருப்பாளாங்க்கா?" என்றாள்.

"இல்ல கண்ணு."

கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜாக்கெட்டுக்கு அடியில் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.