அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?



பிப்ரவரியின் கடைசி நாள் அரிய நோய்களுக்கான உலக நாள். 2008-இல் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் 29-ஆம் தேதிதான் முதலில் தேர்வானது. அதையொட்டி இந்த இதழில் குழந்தைகளின் அரிய நோய்களுக்கும், அவற்றைக் கண்டறியச் செய்யும் பரிசோதனைகளுக்கும் கூடுதல் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் கடிதங்கள்தான் இதற்குக் காரணம். டெஸ்ட் எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றதைப் பற்றித்தான் பெற்றோர் பலரும் எழுதுகிறீர்கள்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதையே பாருங்கள். நர்ஸ் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். "முதுகுல ஊசி போட்டா பிள்ளைக்குக் கால் விளங்காமப் போயிடும், வேண்டவே வேண்டாம்" என்கிறார் பாட்டி. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. யாரும் அவருக்கு விளக்கியதில்லை. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே இறங்குகிறது. எடுப்பது சில மில்லி லிட்டர் நீர். அதை உடலே மறுபடி சுரந்து நிரப்பிக்கொள்ளும். மூளைக்காய்ச்சலா என்ற சந்தேகத்தில் எழுதிய டெஸ்டை ஒரு நாள் தள்ளிப்போட்டால், அந்த ஒரு நாளே குழந்தையின் காதையோ அறிவையோ பறித்துவிடலாம். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வலிப்பு வந்த குழந்தைக்கு ஈ.ஈ.ஜி. எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரிப் பின்னி அழைத்து வருகிறார். எண்ணெய்த் தலையில் கம்பிகளின் முனைகள் ஒட்டாது. தலைக்குக் குளிப்பாட்டி நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. அந்தக் கம்பிகள் வழியாகக் கரண்ட் எதுவும் குழந்தைக்குள் போவதில்லை, மூளையின் மின்னலைகளைப் பதிவு மட்டும் செய்கின்றன என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அம்மா இரவெல்லாம் அழுதிருக்க மாட்டார்.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்கு முன் பட்டினி போடுவதும் அப்படித்தான். பசியில் அழுகிறதே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட் கொடுத்துவிடுகிறோம். மயக்க மருந்தில் கிடக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். திட உணவு என்றால் ஆறு மணி நேரம், தாய்ப்பால் என்றால் நான்கு மணி நேரம் இடைவெளி கேட்பது அதனால்தான். காரணம் தெரிந்த எந்தத் தாயும் அந்த பிஸ்கட்டைக் கொடுக்க மாட்டார்.

மருத்துவர் பெற்றோருக்கு விளக்குவது ஒரு பக்கம் என்றால், பெற்றோர் சொல்வதை மருத்துவர் கேட்பது இன்னொரு பக்கம். நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருக்கும் அறிவு வளர்ச்சி குன்றியிருந்தது. பிள்ளைகளின் சிறுநீரில் வீசும் விசித்திரமான நெடியைப் பற்றி ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லிப் பார்த்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் காதுகொடுத்துக் கேட்டார். சிறுநீரில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தபோது எதிர்பாராத பச்சை நிறம் வந்தது. புரதத்தில் உள்ள ஃபினைல் அலனின் என்ற பொருளை உடலால் சிதைக்க முடியாத ஃபினைல் கீட்டோன்யூரியா நோய் 1934-இல் அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. பெற்றோர் கவனித்துச் சொல்வது நோயறிதலின் பாதி என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு தாய் போதும்.

பிறகு 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளியை வடிதாளில் உலரவைத்து இதே நோயைக் கண்டுபிடிக்கும் வழியைக் கொடுத்தார். அவருடைய மனைவியின் சகோதரி மகளுக்கும் அந்த நோய் இருந்தது. இன்று அதே குதிகால் ரத்தத்தில் பிறவித் தைராய்டு குறைபாட்டையும் பார்க்கிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும், படிக்கும். பிறந்தவுடன் தைராய்டு தொடர்பான சுரப்புகளின் அளவு எல்லாக் குழந்தைக்கும் ஏறி இறங்குவதால், பொதுவாக இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். "மறுபடி ரத்தம் எடுக்கணும்" என்று போன் வந்தால் நோய் உறுதியாகிவிட்டது என்று இடிந்துபோக வேண்டாம். இந்தப் பரிசோதனை சல்லடை மாதிரி, சந்தேகமானதையெல்லாம் நிறுத்திப் பார்க்கும். ஆனால் உடனே போய்விடுங்கள்.

இனி, நம் வீடுகளில் பேசத் தயங்கும் ஒன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் உறவுக்குள் மணம் முடித்தவர்கள். அரிய நோய்கள் பலவற்றில், ஒரே மரபணுவின் பழுதான பிரதி தாயிடமும் தந்தையிடமும் ஒவ்வொன்று இருக்கும். நல்ல பிரதியும் கூடவே இருப்பதால் இருவருக்கும் ஒரு குறையும் தெரியாது. இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சேரும்போதுதான் நோய். உறவுக்குள் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. தாய் பாதி, தந்தை பாதி என்னும்போது மருமகளின் வயிற்றைக் குறை சொல்வது என்ன நியாயம்? இன்னொன்று: அப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றால், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்றுதான். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

மரபணு டெஸ்ட் ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகும். காத்திருக்கத்தான் வேண்டும். 'பொருள் இன்னும் தெளிவாகாத மாற்றம்' என்று அதில் இருந்தால் அது நோய் என்று தீர்ப்பு இல்லை. எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சில ஆண்டு கழித்து அதே தகவலை மறுபடி ஆராய்ந்து விடை கண்ட குடும்பங்கள் உண்டு. ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ், பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான உயர்சிறப்பு மையங்களில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒன்று. வாழ்நாள் முழுக்க மருந்து தேவைப்படும் குழந்தைக்கு இந்தத் தொகை போதாது என்பதை அரசு உணர வேண்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியே நீண்ட வரிசை நிற்பது எங்களுக்கும் தெரிகிறது. ஆனாலும் ஏன் இந்த டெஸ்ட், எப்போது முடிவு வரும், வந்ததும் யாரைப் பார்ப்பது, இந்த மூன்றையும் தமிழில் எழுதிய ஒரு தாளையாவது பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

பெற்றோரே, உங்களுக்குப் புரியாத டெஸ்டின் பெயரை எங்களுக்கு எழுதுங்கள். குழந்தை நல மருத்துவர்களிடம் கேட்டு அடுத்த இதழ்களில் பதில் வெளியிடுகிறோம். குழந்தையின் பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம். வயதை மட்டும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்