குட்டி யானைக்குக் கொம்பு எதுக்குங்க?

புதுசா டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் எடுக்குற நம்மாளுங்க, பூஜை போட்ட கையோட போறது ஆக்சஸரீஸ் கடைக்குத்தான். மாசத் தவணை ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள முன்னாடி ஒரு இரும்புக் கம்பி பம்பர், மேல கண்ணைப் பறிக்கிற எல்ஈடி வரிசை, கூடவே அலறுற ஏர் ஹார்ன். கேட்டா 'வண்டி கெத்தா இருக்கணும்ல' அப்படிம்பாங்க. சரி, கெத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாப்போமா?

முதல்ல பம்பர். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி அது தப்பு, நடவடிக்கை எடுங்கன்னு மத்திய அரசு 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. 'லேசா முட்டினா வண்டிக்கு அடிபடாதே'ன்னு ஒரு வாதம் வரும். பார்க்கிங்ல உரசினா சரிதான். வேகமா மோதினா, முன்பக்கத் தகடு நசுங்கி வாங்கிக்க வேண்டிய அடியை அந்தக் கம்பி நேரா சேஸிஸுக்குக் கடத்திடும். எதிர்ல நடந்து போறவர் மேல பட்டா அவர் கதி? நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு, எடை. 750 கிலோ ஏத்துற வண்டியில 30 கிலோ கம்பியை மாட்டினா, ஒவ்வொரு நடைக்கும் 30 கிலோ தக்காளியை மார்க்கெட்லயே விட்டுட்டு வர்றதா அர்த்தம். இது கெத்தா, நஷ்டமா?

இப்ப பின்பக்கம் வாங்க. 60 கிமீ வேகத்துல வர்ற வண்டி ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். பார்த்து, சுதாரிச்சு, பிரேக் போட்டு நிக்க நல்ல ரோட்டுலயே 40 மீட்டர் ஆகும். லோ பீம்ல, இருட்டுல நிக்கிற உங்க வண்டி தெரியறதும் ஏறக்குறைய அதே தூரத்துலதான். மழை பெஞ்சா முடிஞ்சுது கதை. பின்னாடி சிவப்பு, பக்கவாட்டுல மஞ்சள்னு ஒளி திருப்புற டேப் ஒட்டியிருந்தா 100 மீட்டருக்கு அப்பாலயே பளிச்சுனு தெரியும். பைக்ல வர்றவனுக்கு அஞ்சாறு செகண்டு கிடைக்கும். ஒரு உயிருக்கு அது போதும் சாமி!

ஆனா நிலைமை என்ன? முன்னாடி தீபாவளி, பின்னாடி அமாவாசை. டேப் இருந்தாலும் அதுமேல சேறு, இல்லேன்னா தொங்குற தார்ப்பாய்.

என் லிஸ்ட் இதுதான்: நல்ல டேப், முக்கோண எச்சரிக்கை பலகை, கிழியாத தார்ப்பாய், இறுக்கிக் கட்ட ராட்செட் பெல்ட், மேட்டுல நிறுத்துனா சக்கரத்துக்கு வைக்க ரெண்டு கட்டை, காத்து பாக்குற கேஜ், தொட்டி துருப்பிடிக்காம இருக்க ரப்பர் விரிப்பு. எல்லாமே சரக்கையோ வண்டியையோ ஆளையோ காப்பாத்துற சாமான். ஒண்ணுகூட ஃபோட்டோவுல அழகா இருக்காது, ஒத்துக்கறேன்.

கடைக்காரர் கம்பியைத்தான் முதல்ல காட்டுவார், அவருக்கு லாபம் அதுல. ஆனா தவணை கட்டப்போறது நாமதானே? ராத்திரி நம்ம வண்டிக்குப் பின்னாடி வர்றவன் யார் வீட்டுப் புள்ளையோ. அவனுக்கு நம்ம கெத்து தெரிய வேணாம், வண்டி தெரிஞ்சா போதும்.

டிஸ்கி: கம்பி பம்பர் ரசிகர்கள் பின்னூட்டத்துல வந்து முட்டலாம். ஹார்ன் மட்டும் அடிக்காதீங்க :-)