கமரா நிற்கும் பக்கம்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதுவதற்கு உமக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களின் வீடுகளிலும் சிக்காகோ தொடர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். கோடிக்கணக்கானோர் வாராவாரம் பார்க்கும் ஒரு கதை, பொலிஸாரைப் பற்றியும் சித்திரவதையைப் பற்றியும் எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்பது ஆசிரியத் தலையங்கம் எழுதுமளவுக்குப் பாரதூரமான விடயம் என்பதே எனது அபிப்பிராயம்.

என்.பி.சி. தொலைக்காட்சியில் 'சிக்காகோ ஃபயர்' 2012 ஒக்டோபர் 10ஆம் திகதி ஆரம்பமானது. நகரின் தீயணைப்பு நிலையமொன்றை மையமாகக் கொண்ட கதை அது. அதிலிருந்து 2014 ஜனவரியில் பொலிஸாரைப் பற்றிய 'சிக்காகோ பி.டி.'யும், 2015 நவம்பரில் வைத்தியசாலையொன்றைப் பற்றிய 'சிக்காகோ மெட்'டும் கிளைத்தன. இவற்றின் பின்னால் இருப்பவர் 1990ஆம் ஆண்டில் 'லோ அன்ட் ஓடர்' தொடரை ஆரம்பித்த டிக் வூல்ஃப். மூன்றும் ஒரே கதையுலகில் நடப்பவை. தீவிபத்தில் காயமடைந்தவர் அடுத்த தொடரின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவார். தீவைத்தவனை மூன்றாவது தொடரின் பொலிஸார் தேடுவார்கள். 2018 செப்டெம்பர் முதல் மூன்று தொடர்களையும் புதன்கிழமை இரவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபரப்பத் தொடங்கினார்கள்.

தீயணைப்பு வீரர்களின் கதையில் குறைகாண எனக்கு மனமில்லை. 1871ஆம் ஆண்டின் பெருந்தீயில் சுமார் 300 பேரைப் பறிகொடுத்து, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வீடிழந்து நின்ற நகரம் அது. 1910 டிசம்பரில் கால்நடைத் தொழுவப் பகுதியில் மூண்ட தீயில் 21 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்த நகர மக்கள் தங்கள் தீயணைப்புப் படையினரை நேசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. புளூ ஐலண்ட் வீதியிலுள்ள உண்மையான தீயணைப்பு நிலையமொன்றின் முகப்பையே தொடரிலும் காண்பிக்கிறார்கள். சைரன் ஒலித்ததும் உண்டுகொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடும் மனிதர்களை எவருக்குத்தான் பிடிக்காது?

எனக்குப் பிரச்சினையாக இருப்பவர் ஹாங்க் வோய்ட் என்ற பொலிஸ் அதிகாரி. ஜேசன் பேகே என்ற நடிகர், கரகரத்த குரலில், மிகவும் திறமையாக நடிக்கும் பாத்திரம். இந்த மனிதர் முதலில் தோன்றியது பொலிஸ் தொடரில் அன்று, தீயணைப்புத் தொடரில், அதுவும் வில்லனாக. மதுபோதையில் வாகனம் ஓட்டி ஒரு சிறுவனைப் படுகாயப்படுத்திய தன் மகனைக் காப்பாற்றுவதற்காக, உண்மையைச் சொன்ன தீயணைப்பு லெப்டினன்ட் மத்தியூ கேசியை அவர் அச்சுறுத்துகிறார். இறுதியில் கைதாகிறார். பார்த்தவர்கள் எல்லோரும் அவரை வெறுத்தார்கள். 2014இல் அதே வோய்ட், பொலிஸ் புலனாய்வுப் பிரிவொன்றின் தலைவராக, புதிய தொடரின் நாயகராகத் திரும்பி வந்தார். சந்தேகநபர்களை நிலக்கீழ் அறையிலுள்ள இரும்புக்கூண்டுக்குள் தள்ளி, அடித்து உண்மையை வரவழைப்பது அவரது வழிமுறை. மனிதர் மாறவில்லை, கமரா நிற்கும் பக்கந்தான் மாறியது. யாருடைய வாகனத்தில் ஏறிச் செல்கிறோமோ அவருடைய கண்ணாலேயே சம்பவத்தைப் பார்க்கும் ஆபத்தைப் பத்திரிகையாளர்கள் நன்கு அறிவார்கள்.

ஒரே கதையுலகம் என்ற உத்தி இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. அம்புலன்ஸில் உயிர்காக்கும் கப்ரியேலா டோசனின் சகோதரர் வோய்ட்டின் பிரிவில் துப்பறிபவர். வைத்தியர் வில் ஹால்ஸ்டெட்டின் தம்பியும் அதே பிரிவில் பணிபுரிபவர். கடமை முடிந்ததும் எல்லோரும் தீயணைப்பு வீரர்கள் நடத்தும் மதுச்சாலையில் ஒன்றுகூடுவார்கள். தீயணைப்பு வீரரும் வைத்தியரும் சம்பாதித்த நம்பிக்கை, உறவுமுறையின் வழியாக, கூண்டின் சாவியை வைத்திருப்பவருக்கும் கைமாற்றாகக் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கதை கற்பனை நகரமொன்றில் நடந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். சிக்காகோவுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜோன் பேர்ஜ் என்ற பொலிஸ் கொமாண்டரும் அவரின் கீழ் பணிபுரிந்தவர்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சித்திரவதை செய்தனர். பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவருமே கறுப்பின ஆண்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள், பொலித்தீன் பையால் தலையை மூடி மூச்சைத் திணறடித்தார்கள். 1990 ஜனவரியில் 'சிக்காகோ ரீடர்' என்ற வார இதழில் இதை விரிவாக அம்பலப்படுத்தியவர் ஜோன் கொன்றோய் என்ற பத்திரிகையாளர். பேர்ஜ் 1993இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். சித்திரவதைக்காக அவரை விசாரிப்பதற்கான காலவரையறை கடந்துவிட்டிருந்தது. ஆகவே, சத்தியம் செய்து பொய் சொன்னதற்கும் நீதிக்குத் தடையாக இருந்ததற்குமே 2010இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2015 மே மாதம் நகரசபை, பாதிக்கப்பட்டோருக்கு 55 இலட்சம் டொலர்களை ஒதுக்கியதுடன், இந்த வரலாற்றைப் பாடசாலைகளில் கற்பிக்கவும் தீர்மானித்தது. வோய்ட் தன் கூண்டுக்குள் ஆட்களை அடித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒன்றுதான் அது.

அந்தச் சித்திரவதைகளால் கிடைத்தது என்ன? 2003 ஜனவரியில் இலினொய் மாநில ஆளுநர் ஜோர்ஜ் றயன், மரணதண்டனைக் கைதிகள் நால்வருக்கு மன்னிப்பு வழங்கினார். பேர்ஜின் ஆட்கள் அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்களால் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள். நிரபராதிகளென்று ஆளுநரே அறிவித்தார். தொடரிலே வோய்ட்டின் அடி பெரும்பாலும் குற்றவாளியின் மீதே விழும். அடிபட்டவன் சொல்வது உண்மையாக இருக்கும். அதனால் ஒரு குழந்தை காப்பாற்றப்படும். யார் குற்றவாளி என்பது கதாசிரியருக்கு முன்கூட்டியே தெரியும். பொலிஸ் நிலையத்தில் அடிக்கும் அதிகாரிக்கு அது தெரியாது.

அமெரிக்கத் தொடரொன்றில் இது எனக்கு உறுத்துவதற்கு நான் பிறந்த நாடும் ஒரு காரணம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க இடமளித்தது. அப்படியான வாக்குமூலங்கள் வழக்கின் முதுகெலும்பாக நின்ற காலத்தை வாழ்ந்து கடந்தவர்களுக்கு வோய்ட்டின் கூண்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

மீண்டும் சிக்காகோவுக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 20ஆம் திகதி லக்குவான் மக்டொனால்ட் என்ற 17 வயது இளைஞனைப் பொலிஸ் அதிகாரியொருவர் 16 தடவைகள் சுட்டுக் கொன்றார். அவன் கத்தியுடன் தாக்கவந்ததாகப் பொலிஸார் கூறினர். அவன் விலகி நடந்துகொண்டிருந்ததைக் காட்டிய காணொளியை நகர நிர்வாகம் 13 மாதங்கள் வெளியிடவில்லை. சுயாதீனப் பத்திரிகையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரே, 2015 நவம்பர் 24ஆம் திகதி அது வெளிவந்தது. அப்போது மேயராக இருந்த றாம் இமானுவல் 'சிக்காகோ ஃபயர்' தொடரின் முதல் அத்தியாயத்தில் மேயராகவே தலைகாட்டியவர். காணொளி வெளிவந்து ஆறு மாதங்களில், 2016 மே மாதம், வோய்ட் தன் மகனைக் கொன்றவனைக் கொண்டே புதைகுழியைத் தோண்டுவித்துச் சுட்டுக்கொல்லும் காட்சியுடன் பொலிஸ் தொடரின் பருவம் நிறைவுற்றது. அதற்கு அடுத்த பருவத்திலும் அவர்தான் நாயகர்.

ஜோர்ஜ் ஃபுளொய்டின் கொலைக்குப் பின்னர், 2020 நவம்பரில் தொடங்கிய பருவத்தில் பொலிஸ் சீர்திருத்தத்தைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். புதிய விதிகளுடன் வோய்ட் முரண்படுவதைக் காட்டினார்கள். ஆனாலும், பார்ப்பவரின் அனுதாபம் பெரும்பாலும் விதிகளால் கை கட்டப்பட்ட அதிகாரியின் பக்கமே சாய்ந்தது.

இந்தக் குடும்பத்தில் நான்காவதாக ஒரு தொடரும் இருந்தது. பொலிஸார் கொண்டுவரும் சான்றுகள் நீதிமன்றத்தில் நிற்குமா என்று பார்க்கவேண்டிய அரச வழக்குத்தொடுநர்களைப் பற்றிய 'சிக்காகோ ஜஸ்டிஸ்', 2017 மார்ச்சில் ஆரம்பமானது. 13 அத்தியாயங்களுடன் அதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிரதான வழக்குத்தொடுநரை 2018இல் நியூயோர்க்கில் நடக்கும் வேறொரு தொடருக்கு அனுப்பினார்கள். வோய்ட்டின் பிரிவு அதற்குப் பின்னரும் பல பருவங்கள் இயங்கியது.