நாளுக்கு இருபது விநாடி

பேட்டரியின்றிச் சுருள்வில்லின் விசையால் ஓடும் மலிவுவிலை முக்குளிப்புக் கடிகாரத்தை வாங்கும் நண்பர்கள், ஒரு வாரத்திற்குள் ஒரே குற்றச்சாட்டோடு வருகிறார்கள்: ‘நாளுக்கு இருபது விநாடி முந்துகிறது, ஏமாந்துவிட்டோம்.’ விற்றவர்களிடமிருந்து வரும் பதிலும் ஒன்றே: ‘இந்த விலைக்கு அப்படித்தான் ஓடும்.’ இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதலில் குற்றச்சாட்டு. ஒரு நாளில் 86,400 விநாடிகள். இருபது விநாடி அதில் 4,320-இல் ஒரு பங்கு. ஐம்பது நிமிடம் நீருக்கடியில் இருப்பவருக்கு அப்பிழை ஒரு விநாடியைக்கூட எட்டாது. மூழ்கிய நேரத்தை அளக்க அவர் திருப்பி வைக்கும் வெளிவளையமோ, பெரும்பாலும் அரை நிமிடத்திற்கு ஒரு சொடுக்காகவே நகர்கிறது. எந்த வேலைக்காக இக்கடிகாரம் பிறந்ததோ அதில் அது தவறவில்லை. விநாடி சுத்தம்தான் வேண்டுமெனில், மாதத்திற்கே பதினைந்து விநாடி அளவில் விலகும் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது. அதை விடுத்து இதைத் தேர்ந்தவர், ஏமாந்தேன் என்பது நியாயமன்று.

அடுத்து அந்தப் பதில். 1996-இல் வந்த சீக்கோ எஸ்கேஎக்ஸ்007-இன் உள்ளே ஓடும் 7எஸ்26 இயந்திரம், நாளுக்கு 20 விநாடி பிந்துவது முதல் 40 விநாடி முந்துவது வரை அனுமதிக்கப்பட்டது. அது ஆலை தனக்கு விட்டுக்கொண்ட வரம்பு; கடிகாரத்தின் தலைவிதி அன்று. பதினைந்து நாள், ஐந்து கிடைகளில், மூன்று வெப்பநிலைகளில் சோதித்துச் சுவிட்சர்லாந்தில் வழங்கப்படும் குரோனோமீட்டர் சான்றிதழ், சராசரியாக 4 விநாடி பிந்துவதற்கும் 6 விநாடி முந்துவதற்கும் இடையே நிற்கவேண்டும் என்கிறது. மலிவுக் கடிகாரத்தில் மிச்சம் பிடிக்கப்படுவது அத்தகைய பொறுமையும் உழைப்புமே.

ஆயினும் இரு தரப்பினரும் காணத் தவறுவது வேறொன்று. நாள்தோறும் தவறாமல் பதினைந்து விநாடி முந்தும் கடிகாரம் ஒன்று. இன்று முப்பது முந்தி, நாளை முப்பது பிந்தும் கடிகாரம் மற்றொன்று. சராசரி பார்த்தால் இரண்டாவதற்குப் பிழையே இல்லை! நாமோ முதலாவதையே நம்புவோம். அதன் பிழையை நெம்பு ஒன்றைச் சிறிது நகர்த்தித் திருத்திவிடலாம். நிலையின்மையை அவ்வாறு திருத்தவியலாது.

எனவே ஒரே நாள் கணக்கைக் கொண்டு தீர்ப்பெழுதாதீர்கள். பத்து நாள், காலையில் ஒரே வேளையில், கைப்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். இரவில் அதை மல்லாத்தி வைத்தீர்களா, பக்கவாட்டில் நிறுத்தினீர்களா என்பதையும் எழுதுங்கள். கிடை மாறினால் ஓட்டமும் மாறும். திடீரென நிமிடக்கணக்கில் முந்தினால் காந்தம் ஏறியிருக்கலாம். அதை நீக்கச் சில விநாடிகள் போதும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஐந்து விநாடியைத் துரத்திப் பின்மூடியைத் திறப்பவர், நீர்ப்புகாமைச் சோதனை செய்யாமல் மூடிவிட்டு நீரில் இறங்கினால், விநாடியைக் காத்துக் கடிகாரத்தை இழப்பார். நிலையாக ஓடும் கடிகாரத்தை வாரம் ஒருமுறை சரிசெய்துகொள்வதில் நமக்கு இழுக்கொன்றுமில்லை.