ஒரு சோதனை தீர்ப்பாகாது

ஆசிரியருக்கு,

தெருவில் எடுத்த பூனைக்குட்டிக்கு லுகேமியா வைரஸ் இருக்கலாம் என்றதுமே அதைக் கைவிடுவதும் கருணைக்கொலை செய்வதும் அவசர முடிவுகள். 1964இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் ஜாரெட் குழுவினர் கண்டறிந்த இந்த வைரஸ், பெரும்பாலும் எச்சில் வழியாகவும் தாயிடமிருந்தும் பரவுகிறது. ஆனால் தொற்றிய எல்லாப் பூனைகளிலும் அது ஓங்கி நிற்பதில்லை. சிலவற்றின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கிவிடுகிறது. புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் தெரியாமலும் போகலாம். ஆகவே சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிப்பதே முறை.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைகளின் கதி என்ன என்று கேட்பது நியாயம்தான். தனி அறை, தனித் தட்டு, கை கழுவும் பழக்கம் இருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். உடலுக்கு வெளியே இந்த வைரஸ் நெடுநேரம் தாங்காது. தடுப்பூசியும் உண்டு. மனிதருக்குத் தொற்றியதாகச் சான்றில்லை. தனி அறை இல்லாதவர்கள், பூனையில்லாத வீட்டில் குட்டியை ஒப்படைக்கலாம். நோய் உறுதியானாலும் சில ஆண்டுகள் நலமாக வாழும் பூனைகள் உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்