வெளிநாட்டுக்குத் தரம்! உள்ளூருக்குப் பலகையா?



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியை உங்களில் பலர் அறிவீர்கள். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி படிந்த சாலை. அந்தச் சாலையோரத்து உணவகம் ஒன்றில் சில மாதங்களுக்கு முன் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் லப்பைக்குடிக்காட்டு இளைஞர் ஒருவர். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர். பிரியாணி வந்ததும் கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டார்: "பாய், கோழி எங்கே எடுக்கிறீங்க? யார் அறுக்கிறாங்க?"

கடைக்காரர் கையிலிருந்த கரண்டியால் வாசலைக் காட்டினார். பச்சை வண்ணத்தில் '100% ஹலால்' என்ற பலகை தொங்கியது. "அதான் போர்டு போட்டிருக்கே, பாக்கலியா?"

இளைஞர் மறுபடி கேட்கவில்லை. பிரியாணியையும் தொடவில்லை. பரோட்டாவும் முட்டையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் கோழி ஹராம் என்று நான் சொல்லவில்லை. முறையாகவே அறுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் நியாயமான ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல, அந்தக் கடையில் பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் எத்தனை கடைகளில் இருக்கிறது? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

கப்பலேறும் இறைச்சிக்கு எத்தனை காவல்!

எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2023-24 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 370 கோடி டாலர் மதிப்புக்கு இது ஏற்றுமதியானது. வாங்கும் நாடுகள் பலகையைப் பார்த்து வாங்குவதில்லை. எந்தக் கூடம், எந்த நாள், யார் அறுத்தது, எந்தக் கிடங்கு, எந்தக் குளிர்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தாள் கேட்கின்றன.

1997ல் ஐ.நா. அமைப்புகளின் உணவுத் தரக்குழுவான கோடெக்ஸ், 'ஹலால்' என்ற சொல்லை எப்போது பயன்படுத்தலாம் என்று வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அறுப்பவர் முஸ்லிமாக, தெளிந்த புத்தியுள்ளவராக, அறுப்பு முறை அறிந்தவராக இருக்க வேண்டும். பிராணி உயிரோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் தனித்தனியே பிஸ்மி சொல்ல வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், கழுத்தின் முக்கிய ரத்தக் குழாய்கள் அறுபட வேண்டும். மலேசியாவின் 'எம்.எஸ். 1500' தரம் இன்னும் ஒரு படி மேலே போய், கோழியின் உயிர் முழுதும் அடங்கிய பிறகே வெந்நீரில் முக்க வேண்டும் என்கிறது.

நம் மத்திய அரசும் 2023ல் விதி வகுத்தது. இந்தியத் தரக் கவுன்சிலின் 'ஐ-காஸ் ஹலால்' திட்டப்படி சான்று பெற்ற கூடங்களின் இறைச்சியை மட்டுமே ஹலால் என்று ஏற்றுமதி செய்யலாம். 2024 அக்டோபர் 16 முதல் சவூதி, அமீரகம், கத்தார், மலேசியா, இந்தோனேசியா உள்ளிட்ட 15 நாடுகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது.

அரசின் இரண்டு நாக்கு

இதே நாட்டில்தான் 2023 நவம்பர் 18ல் உத்தரப்பிரதேச அரசு, ஹலால் சான்று பெற்ற பொருள்களைத் தயாரிக்கவும், இருப்பு வைக்கவும், விற்கவும் தடை விதித்தது. உணவின் தரத்தைச் சொல்லும் அதிகாரம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கே உண்டு, ஹலால் சான்று ஒரு போட்டி ஏற்பாடு, அது மக்களைக் குழப்புகிறது என்று காரணம் சொன்னார்கள். ஆனால் ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு! துபாய்க்காரர் சாப்பிட்டால் டாலர். லக்னோக்காரர் சாப்பிட்டால் குழப்பமா?

பொட்டலங்களில் பச்சைப் புள்ளி போடுவது சட்டம். சைவம் உண்பவருக்குத் தன் உணவில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை உண்டு. அதை யாரும் போட்டி அரசாங்கம் என்று சொல்வதில்லை. நாமும் சொல்ல மாட்டோம். அது நல்ல சட்டம். அதே உரிமையை நாம் கேட்டால் மட்டும் ஏன் கசக்கிறது? அசைவக் குறி போட்ட பொட்டலத்தில் இருக்கும் ஜெலட்டின் மாட்டினுடையதா, பன்றியினுடையதா என்று அந்தக் குறி சொல்வதில்லையே! '471' என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது தாவரக் கொழுப்பா, விலங்குக் கொழுப்பா என்பதை அந்த எண்ணை வைத்து அறிய முடியாதே!

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 ஜனவரி 20ல் நடந்த விசாரணையில் உத்தரப்பிரதேச அரசுக்காக வாதாடிய சொலிசிட்டர் ஜெனரல், சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும்கூட ஹலால் சான்று கொடுக்கப்படுவதாகச் சொன்னார். ஜமீஅத் உலமாயே ஹிந்த் ஹலால் அறக்கட்டளை அதை மறுத்தது.

சிமெண்டு ஆலைகள் சூழ்ந்த அரியலூர்க்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். சுண்ணாம்புக்கல்லை யாரும் கிப்லா பார்த்து உடைப்பதில்லை! ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. ஹலால் என்ற சொல்லைத் தேவையான இடத்தில் மட்டும் பயன்படுத்தினால்தான் அதற்கு மதிப்பு. இறைச்சி, ஜெலட்டின், நொதி, கொழுப்பு என்று ஐயத்துக்கு இடமுள்ள பொருளுக்குச் சான்று வேண்டும். ஐயமே இல்லாத பொருளுக்கும் விற்பனைக்காக ஹலால் முத்திரை குத்தினால், நம்மைக் கேலி செய்பவர் கையில் நாமே கோல் கொடுத்தவர்களாவோம்.

இலங்கையைப் பாருங்கள்

இலங்கையில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா ஹலால் சான்று வழங்கி வந்தது. 2013 தொடக்கத்தில் பொது பல சேனா அதற்கு எதிராகப் பெரும் பிரசாரம் செய்தது. நாட்டின் அமைதியைக் கருதி, 2013 மார்ச்சில் உள்நாட்டுச் சந்தைப் பொருள்களிலிருந்து ஹலால் முத்திரையை விலக்கிக்கொள்ள உலமா சபை முன்வந்தது. பிறகு சான்றளிக்கும் பணி ஹலால் அக்ரிடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனத்திடம் போனது.

இதில் நமக்கு என்ன பாடம்? மார்க்கத் தீர்ப்பு சொல்வது உலமாக்களின் வேலை. அதைச் சோதித்து, எழுதி, கணக்கு வைத்து, தவறினால் சான்றைப் பறிப்பது ஒரு தொழில்முறை வேலை. இரண்டும் கைகோத்து நிற்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

நம் வீட்டையும் பார்ப்போம்

சகோதரர்களே, அரசின் இரட்டை அளவுகோலைக் கண்டிக்கும் நமக்கும் ஒரு இரட்டை அளவுகோல் இருக்கிறது. ரியாத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்குத் தாள் கொடுக்கிறோம். கல்லங்குறிச்சியில் இருப்பவருக்குக் கரண்டியால் பலகையைக் காட்டுகிறோம்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கோழிக்கடைக்குப் போய் நில்லுங்கள். வரிசை நீள நீளக் கை வேகமெடுக்கிறது. பிஸ்மி ஒவ்வொரு கோழிக்கும் சொல்லப்படுகிறதா? அறுத்த கோழியை டிரம்முக்குள் போட்டு, துடிப்பு அடங்கும் முன்பே வெந்நீரில் முக்குகிறார்களா? காலையில் ஊற்றிய வெந்நீர் மதியம் என்ன நிறத்தில் இருக்கிறது? கத்தியைக் கடைசியாகத் தீட்டியது எப்போது? கூர்மையான கத்தியும், பிராணிக்கு வேதனை குறைத்தலும் நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அது வியாபாரம் மந்தமான நாளுக்கு மட்டும் உரியதல்ல.

திருமறை 2:168ல் 'ஹலால்' என்ற சொல்லோடு 'தய்யிப்' என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. அனுமதிக்கப்பட்டதாக மட்டுமல்ல, தூயதாகவும் இருக்க வேண்டும். 2022 மே மாதம் கேரளத்தின் செருவத்தூரிலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட இரண்டு மாணவிகள் உயிரிழந்தார்கள். அந்தக் கடைகள் யாருடையவை என்பதல்ல கேள்வி. கெட்டுப்போன இறைச்சியை, பிஸ்மி சொல்லி அறுத்ததுதானே என்று நியாயப்படுத்த முடியுமா என்பதே கேள்வி. முடியாது! மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைத்திருந்த ஈரத்தை வெளிக்காட்டிக் கண்டித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இன்று நம் குளிர்பெட்டிக்குள் அந்தக் கரம் நுழைந்தால் எதை வெளியே எடுக்கும்?

பிஸ்மி விடுபட்டால் என்ன சட்டம், மயக்கி அறுப்பது கூடுமா, எந்திர அறுப்பு கூடுமா என்பவற்றில் ஹனஃபி, ஷாஃபி அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை உலமாக்கள் பேசட்டும். ஆனால் கத்தியின் கூர்மையிலும், தராசின் நேர்மையிலும், தண்ணீரின் தூய்மையிலும் எந்த மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லையே!

என்ன செய்யலாம்?

பெரிய மாநாடு வேண்டாம். கோடி ரூபாய் வேண்டாம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் நாளையே தொடங்கக் கூடிய வேலைகள் இவை.

ஒன்று: கடைக்கு ஒரு நோட்டு. இன்றைய தேதி, கோழி வந்த பண்ணை அல்லது வண்டி, எண்ணிக்கை, அறுத்தவர் பெயர். நான்கு வரிதான். உணவகம் நடத்துபவர் கறிக்கடையிலிருந்து இந்த விவரத்தோடு ரசீது வாங்கி வைக்கட்டும். வாடிக்கையாளர் கேட்டால் பலகையைக் காட்ட வேண்டாம், ரசீதைக் காட்டட்டும்.

இரண்டு: அறுப்பவருக்குப் பயிற்சி. நம் மதரஸாக்களில் ஒரு நாள் மார்க்கச் சட்டமும், கால்நடை மருத்துவரை அழைத்து ஒரு நாள் சுகாதாரமும் சொல்லிக் கொடுக்கலாம். முடித்தவருக்கு ஜமாஅத் ஒரு அத்தாட்சிக் கடிதம் தரட்டும். அவருக்கு நியாயமான கூலியும் கொடுங்கள். கோழிக்கு இவ்வளவு என்று கூலி பேசி அவசரப்படுத்திவிட்டு, நிதானமாக அறுக்கச் சொல்வது நியாயமா?

மூன்று: சட்டப்படி நடங்கள். 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்று, அதைச் சுவரில் மாட்டுங்கள். தராசுக்கு முத்திரை போடுங்கள். அளவில் குறைப்பவரை எச்சரித்துத் திருமறையில் ஒரு அத்தியாயமே (83) இருக்கிறது. எடைக்கல்லில் ஹராம் இருந்தால், இறைச்சியில் ஹலால் தேடி என்ன பயன்?

நான்கு: இதை வருமானமாக்காதீர்கள். கடிதத்துக்குக் கட்டணம், புதுப்பிக்கக் கட்டணம், வேண்டியவருக்குச் சலுகை என்று தொடங்கினால் ஓர் ஆண்டில் நம்பிக்கை போய்விடும். சோதிப்பவர் கடைக்காரரின் உறவினராக இருக்கக் கூடாது. தவறினால் கடிதம் ரத்து என்று வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதும் துணிவு வேண்டும்.

ஐந்து: இளைஞர்களே, இது உங்களுக்கு! தஞ்சாவூரில் மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வளைகுடாவுக்குப் போகும் பாதை மட்டும்தான் பாதை என்று நினைக்காதீர்கள். நொதியையும் ஜெலட்டினையும் சோதனைக் கூடத்தில் சோதித்துச் சொல்லக் கூடிய ஆள் நம்மில் எத்தனை பேர்? ஹலால் என்று வாயால் சொல்ல ஆயிரம் பேர். ஆய்வால் சொல்லப் பத்துப் பேராவது வேண்டாமா?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நம் கடைகளில் சாப்பிடுபவர்களில் பாதிக்கும் மேல் பிற சமயச் சகோதரர்கள் இருக்கக் கூடும். லாரி ஓட்டுநரும் ஆலைத் தொழிலாளியும் பாய் கடை பிரியாணியைத் தேடி வருவது மதம் பார்த்து அல்ல. சுத்தமாக இருக்கும், ஏமாற்ற மாட்டார் என்ற நம்பிக்கையில். 2022ல் கர்நாடகத்தில் உகாதிக்கு முன் ஹலால் இறைச்சியைப் புறக்கணிக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்தபோது குறிவைக்கப்பட்டது இந்த உறவுதான். ஹலால் என்பது பிறரை விலக்கும் வேலி அல்ல, பிராணிக்கும் உண்பவருக்கும் செய்யும் கடமை என்பதை மேடைப் பேச்சால் நிரூபிக்க முடியாது. நம் கடைகளின் சுத்தமும் நேர்மையும்தான் நிரூபிக்கும்.

வணிகப் பெருமக்களே! அந்த லப்பைக்குடிக்காட்டு இளைஞர் அடுத்த விடுமுறைக்கு வருவார். அதே சாலையில், ஒருவேளை உங்கள் கடையில், அதே கேள்வியைக் கேட்பார். அவருக்குக் காட்ட உங்கள் கையில் கரண்டி இருக்குமா, ரசீது இருக்குமா?

முடிவு உங்கள் கையில்!